ஏறும்போது சரியா இருக்கு, இறங்கும்போதுதான் முட்டி வழுக்குது டாக்டர்!

கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நாலு பக்கம் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வயசு 62. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. சுகர் இருக்கு, மாத்திரை போடுறாங்க. ரெண்டு முட்டியும் தேய்மானம், அதுல வலதுதான் ரொம்ப மோசம், கால் வில்லு மாதிரி வளைஞ்சு போயிருந்துச்சுன்னு 11 மாசம் முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வலது முட்டிய மாத்திக்கிட்டாங்க. பழைய வலி பெரும்பாலும் போயிடுச்சு, "முன்ன 100 இருந்தது இப்ப 20தான்"னு அவங்களே எழுதுறாங்க. சமதரையில நல்லா நடக்குறாங்க. ஆபரேஷன் ஆன ரெண்டாவது வாரத்துலயே கஷ்டமில்லாம 110 டிகிரி மடங்கிடுச்சு, ஃபிசியோ பண்ற பொண்ணு "உங்களை மாதிரி யாருமே மடக்கினதில்ல"ன்னு பாராட்டுச்சாம்.

பிரச்சனை எங்கன்னா, சுவாமிமலைக்குப் போயிருக்காங்க, 60 படியும் ஏறிட்டாங்க, இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் முட்டி முன்னாடி வழுக்கிட்டுப் போற மாதிரி இருந்திருக்கு, மகன் கையப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல திரும்பித் திரும்பி இறங்கி வந்திருக்காங்க. டவுன் பஸ்ல இருந்து இறங்கவும் இதே பயம். சேர்ல ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு எழுந்தா முதல் நாலு எட்டு கால் நம்ம பேச்சைக் கேக்காது. சாயங்காலம் ஆனா முட்டி லேசா வீங்கிடுது. நடக்கும்போது 'டொக் டொக்'குனு சத்தம் வேற. ஆபரேஷன் பண்ண டாக்டர் எக்ஸ்ரேய லைட்ல வெச்சுப் பார்த்துட்டு "எல்லாம் பெர்ஃபெக்ட், மனசுல பயத்தை எடுங்க"ன்னு அனுப்பிட்டார். இன்னொரு டாக்டர் கையால ஆட்டிப் பார்த்துட்டு "லூஸா இருக்கு, ரீடூ பண்ணணும்"னு ஒரே வரியில சொல்லிட்டார். சொந்தக்காரர் ஒருத்தர் "கவர்மென்ட் விலைய குறைச்சதுல இருந்து மட்டமான முட்டிதான் வெக்கிறாங்க"ங்கிறார். நாத்தனாரும் அதே சமயத்துல முட்டி மாத்தினவங்க, அவங்க ஜம்முன்னு மாடி ஏறி இறங்குறாங்களாம். உள்ளூர் டாக்டர் வீக்கத்துக்கு ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கார், ஜெல் ஊசி போடலாம்னும் சொல்லியிருக்கார்.

கேள்விகள் இதுதான்: உள்ள வெச்சது கழண்டுடுச்சா? மட்டமானத வெச்சு ஏமாத்திட்டாங்களா? ரோபோ வெச்சுப் பண்ணியிருந்தா இப்படி ஆகியிருக்காதா? ரீடூ பண்ணணுமா? புகார் கொடுக்கலாமா? மகன் இடது முட்டியையும் சீக்கிரம் பண்ணிடலாம்ங்கிறார், பண்ணலாமா? கடைசியா ஒரு வரி எழுதியிருக்காங்க, "வலி போன பிறகும் சந்தோஷமா இல்லன்னு சொன்னா நன்றி கெட்டவன்னு நினைக்கிறாங்க டாக்டர்."

அம்மா, அந்தக் கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். இதுல நன்றி கெட்டதனம் ஒண்ணும் இல்ல. முட்டி மாத்திக்கிட்டவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் முழுத் திருப்தி இல்லன்னு சொல்றாங்க. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 1,700 பேருக்கு மேல கேட்டு 2010ல வெளியிட்ட ஆய்வு இது, மத்த நாட்டு ஆய்வுகள்லயும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் வந்துச்சு. அந்த ஆய்வுல திருப்தி இல்லாம போனதுக்கு எல்லாத்தையும் விட பெரிய காரணமா நின்னது என்னன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன எதிர்பார்த்தாங்களோ அது நடக்காம போனது. டாக்டர் பார்க்குறது எக்ஸ்ரே, எத்தனை டிகிரி மடங்குது, காயம் ஆறிடுச்சா. நீங்க பார்க்குறது பஸ் படி. ரெண்டுக்கும் வேற வேற மார்க்கு. இப்பல்லாம் முட்டி மாத்தினவங்ககிட்ட கேக்குறதுக்குன்னே 12 கேள்வி கொண்ட ஒரு பட்டியல் இருக்கு, அது கேக்குறதெல்லாம் ஒரே விஷயம்தான்: படி ஏறும்போது, ராத்திரி படுத்திருக்கும்போது, ரொம்ப நேரம் நிக்கும்போது, முட்டி மாத்தினது உங்களுக்கு ஞாபகம் வருதா? ஞாபகமே வராம இருந்தா அதுதான் நல்ல முட்டி. உங்களுக்கு ஒவ்வொரு படியிலயும் ஞாபகம் வருது. அதனால "பெர்ஃபெக்ட்"னு ஒரு வார்த்தையில முடிச்சு அனுப்பினது சரியில்ல, அதே மாதிரி கையால ஆட்டிப் பார்த்துட்டு ஒரு வரியில "ரீடூ"ன்னு சொன்னதும் சரியில்ல.

கழண்டு போறது வேற, ஆடுறது வேற

இத நல்லா புரிஞ்சுக்கோங்க, ஏன்னா உங்க பயத்துல பாதி இதுலதான் இருக்கு. வீட்டுக் கதவு ஆடுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், கீல் நிலைச்சட்டத்துல இருந்தே பேர்ந்து வந்திருக்கலாம், இல்ல கீல் கெட்டியா இருந்து அதோட இடைவெளியில மட்டும் கதவு ஆடலாம். முட்டியில முதல் வகைன்னா எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்குற சிமென்ட் பிடிப்பு விட்டுப் போறது. அது 11 மாசத்துல வர்றது கொஞ்சம் அபூர்வம், வந்தா கால் ஊனும்போதே வலிக்கும், எக்ஸ்ரேல எலும்புக்கும் சிமென்ட்டுக்கும் நடுவுல கறுப்புக் கோடு தெரியும், நாளாக நாளாக அது பெரிசாகும். அப்படி சீக்கிரமே விட்டுப்போனா முதல்ல கிருமித் தொற்றைத்தான் சந்தேகப்படணும். ரெண்டாவது வகை, உலோகம் எலும்போட நல்லா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா சுத்தி இருக்குற லிகமென்ட்டு, அதாவது எலும்பை எலும்போட கட்டிப் பிடிக்கிற நார்கள், போதுமான இறுக்கத்துல இல்ல. நீங்க எழுதினத வெச்சுப் பார்த்தா எனக்கு ரெண்டாவதுதான் தோணுது, அதுலயும் முட்டி மடங்குன நிலையில மட்டும் தளர்வா இருக்குற வகை.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, ஏறும்போது சரியா இருந்து இறங்கும்போது வழுக்குறது, சேர்ல இருந்து எழுந்ததும் முதல் சில எட்டு தடுமாறுறது, அடிக்கடி லேசா வீக்கம், சமதரையில பிரச்சனையே இல்லாதது, இதெல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்தா எங்க ஆளுங்களுக்கு உடனே இதுதான் ஞாபகம் வரும். இப்படி ஒண்ணு இருக்குன்னு அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர்கள் 1998லயே விவரமா எழுதிட்டாங்க. இன்னொரு துப்பும் உங்க கடிதத்துலயே இருக்கு. ரெண்டாவது வாரத்துலயே வலிக்காம 110 டிகிரி மடங்குச்சுன்னு எல்லாரும் பாராட்டினாங்க பாருங்க, அது சில பேருக்கு உண்மையிலயே நல்ல செய்திதான், ஆனா பின்னாடி இந்த மாதிரி தொந்தரவு வர்றவங்ககிட்ட கேட்டா பலபேர் "ஆரம்பத்துல எனக்கு ரொம்ப ஈசியா மடங்குச்சு"ம்பாங்க. அத மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது, மத்ததோட சேர்த்துப் பார்க்கணும்.

ஆபரேஷன் டேபிள்ல நாங்க என்ன பண்றோம்னா, தொடை எலும்பு நுனியையும் கால் எலும்பு நுனியையும் சீவிட்டு, மேல கோபால்ட் குரோம் தொப்பி, கீழ ஒரு தட்டு, நடுவுல பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெக்கிறோம். கால் நீட்டின நிலையில ஒரு இடைவெளி, 90 டிகிரி மடக்கின நிலையில இன்னொரு இடைவெளி. ரெண்டுலயும் பிளாஸ்டிக் சரியா உட்காரணும். தொடை எலும்புப் பக்கம் ஒரு சைஸ் சின்னதா போச்சுன்னாலோ, கால் எலும்ப பின்பக்கமா சரிவு அதிகமா சீவிட்டாலோ, எடுக்காம மிச்சம் வெச்ச பின்பக்க லிகமென்ட் பிற்பாடு கிழிஞ்சு போனாலோ மடக்கின நிலை மட்டும் தளர்ந்துடும், நீட்டினா கெட்டியா நிக்கும். ஏ.சி.எல்.னு சொல்ற முன்பக்க லிகமென்ட்டை கிட்டத்தட்ட எல்லா வகை முட்டி மாற்றுலயும் எடுத்துடுறோம், அதனால இயற்கை முட்டி மாதிரி முன்னபின்ன இழுத்துப் பிடிக்க ஆள் குறைவு. சாதாரண எக்ஸ்ரேய படுக்க வெச்சு கால் நீட்டித்தானே எடுக்குறாங்க, அதுல இந்தத் தளர்வு தெரியவே தெரியாது. உங்க டாக்டர் எக்ஸ்ரேய பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னது பொய் இல்ல, அந்தப் படம் எதைக் காட்டுமோ அது நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

இங்க இன்னொரு தப்பான எண்ணத்தையும் எடுத்துடணும். கொஞ்சம் கூட ஆடக்கூடாது, ஆடினா ஆபரேஷன் ஃபெயில்னு நினைக்காதீங்க. நல்ல முட்டியே ஆடும். ஜப்பான்ல எந்தக் கோளாறும் இல்லாத முட்டிகளை 90 டிகிரி மடக்கி, பக்கவாட்டுல அழுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தாங்க, 2004ல வந்தது, உள்பக்கம் சராசரியா 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் திறந்துச்சு, வெளிப்பக்கம் 6.7 மில்லிமீட்டர் திறந்துச்சு. கடவுள் கொடுத்த முட்டியே வெளிப்பக்கம் இளக்கமாத்தான் இருக்கு. அதே 2004ல வந்த இன்னொரு சின்ன ஆய்வுல ரெண்டு முட்டியும் மாத்தினவங்ககிட்ட எது நல்லா இருக்குன்னு கேட்டாங்க, ஒரு பக்கத்த விரும்பினவங்களுக்கு கொஞ்சம் இளக்கமா இருந்த முட்டிதான் பிடிச்சிருந்துச்சு, விறைப்பா இருந்தது பிடிக்கல. இறுக்கிக் கட்டின முட்டி மடங்காது, வலிக்கும், இரும்பு பட்டை மாட்டின மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. ஆனா எந்தப் பக்கம் இளக்கம்ங்கிறது முக்கியம். கியோட்டோவுல இருந்து 2017ல வந்த ஆய்வு என்ன சொல்லுதுன்னா, வெளிப்பக்க இளக்கம் பெரிசா தொந்தரவு பண்றதில்ல, உள்பக்கம் தளர்ந்தவங்களுக்குத்தான் திருப்தியும் குறைவு, முட்டியோட வேலையும் குறைவு. நம்ம ஊர்ல தேய்மானம் முக்கால்வாசிப் பேருக்கு உள்பக்கம்தான், உங்களுக்கு மாதிரியே கால் வளைஞ்சிருக்கும், அந்த வளைவ நேராக்கணும்னு உள்பக்க லிகமென்ட்டை கொஞ்சம் கொஞ்சமா இளக்கி விடுவோம். எவ்வளவு இளக்குறதுங்கிறதுலதான் கைப்பக்குவம் இருக்கு. அதனால உங்களைப் பரிசோதிக்கிறவர் "லூஸ்"னு மட்டும் சொன்னா விடாதீங்க, உள்பக்கமா வெளிப்பக்கமா, நீட்டினாலா மடக்கினாலா, முன்னபின்ன எவ்வளவுன்னு கேளுங்க.

அந்த 'டொக்' சத்தத்துக்கு பயப்படவே வேண்டாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கிற சத்தம் அது, திருப்தியா இருக்குறவங்களுக்கும் வருது. சத்தத்தோட வலியும் வந்து முட்டிச் சில்லு பக்கத்துல மாட்டி மாட்டி விடுதுன்னா மட்டும் சொல்லுங்க. காயத்துக்கு வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கான்னு நீங்க எழுதல, பலருக்கும் இருக்கும், தோலுக்கு வர்ற சின்ன நரம்பு வெட்டுப்படுறதால வர்றது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

முதல்ல என்ன பார்க்கணும்

எதுக்கு முன்னாடியும் கிருமி இல்லைன்னு உறுதி பண்ணணும். சுகர் இருக்குறவங்க, திரும்பத் திரும்ப வீங்குது, ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கீங்க. அந்த ஆன்டிபயாட்டிக் விஷயம்தான் கடிதத்துலயே எனக்கு ரொம்ப எரிச்சலா இருந்த இடம். மாத்தின முட்டி வீங்குதுன்னா காரணம் தெரியாம ஆன்டிபயாட்டிக் கொடுக்கவே கூடாது, உள்ள கிருமி இருந்தா அது சாகவும் சாகாது, டெஸ்ட்லயும் மாட்டாது, ஒளிஞ்சுக்கும். இனிமே யார் கொடுத்தாலும் உங்க ஆர்த்தோ டாக்டரைக் கேக்காம சாப்பிடாதீங்க. ரத்தத்துல ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.னு உள்ள அழற்சி இருக்கான்னு காட்டுற டெஸ்ட் ரெண்டையும் பாருங்க, அதோட முட்டியில இருந்து ஊசியில கொஞ்சம் நீர் எடுத்து செல் எண்ணிக்கைக்கும், கிருமி வளருதான்னு பார்க்குற கல்ச்சருக்கும் அனுப்பணும். கடைசி ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கும் நீர் எடுக்குறதுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு வாரம் இடைவெளி வேணும். நீர் எடுக்குறத ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்துல பண்ணணும், கிளினிக் பெஞ்சுல வெச்சு வேண்டாம்.

ஜெல் ஊசி பத்தி ஒரே வார்த்தை, வேண்டாம். தேய்ஞ்ச குருத்தெலும்புக்கு இதமா இருக்கட்டும்னு போடுறது அது, உங்க முட்டியில குருத்தெலும்பே இல்ல, உலோகத்துக்கு எதுக்கு ஜெல்? ஸ்டீராய்டு ஊசியும் அதே மாதிரி, கிருமி உள்ள போறதுக்கு நாமளே வழி விட்ட மாதிரி ஆயிடும். எண்ணெய் தடவி முறுக்கி விடுறவங்க பக்கமும் போகாதீங்க.

கிருமி இல்லைன்னு ஆனபிறகு இன்னொரு தடவை முறையா கையால பரிசோதனை. நீட்டின நிலை, லேசா மடக்கின நிலை, அப்புறம் டேபிள் ஓரத்துல உட்கார வெச்சு கால தொங்கவிட்டு 90 டிகிரியில, மூணுலயும் பார்க்கணும், கால் எலும்ப முன்னாடி இழுத்தும் பார்க்கணும். நின்னுக்கிட்டு இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே படமா எக்ஸ்ரே, பக்கவாட்டுப் படம், முட்டிய ஒரு பக்கமா அழுத்தி எடுக்குற ஸ்ட்ரெஸ் எக்ஸ்ரே, தேவைப்பட்டா தொடை எலும்புத் தொப்பி திரும்பி உட்கார்ந்திருக்கான்னு பார்க்க சி.டி. இதோட முதுகையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்க, முதுகுத்தண்டுல நரம்பு அழுத்தி தொடைத்தசை பலம் குறைஞ்சாலும் முட்டி வழுக்குற மாதிரியே இருக்கும். ஆபரேஷன் ஆனபோது எடுத்த முதல் எக்ஸ்ரேய மறக்காம எடுத்துட்டுப் போங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சாத்தான் ஏதாவது நகர்ந்திருக்கான்னு தெரியும்.

தொடைத்தசைக்கு மூணு மாசம் கொடுங்க

இத கேட்டதும் "ஃபிசியோ எல்லாம் அப்பவே பண்ணிட்டேனே"ன்னு நினைப்பீங்க. நீங்க எழுதினபடி ஆறு வாரம் பண்ணியிருக்கீங்க, அதுவும் முக்கால்வாசி மடக்குற பயிற்சி. உங்களுக்கு மடக்குறது பிரச்சனையே இல்ல, பலம்தான் பிரச்சனை. முட்டி மாத்தின முதல் மாசத்துல தொடை முன்பக்கத் தசையோட பலம், ஆபரேஷனுக்கு முன்ன இருந்ததுல பாதிக்கு மேலயே போயிடுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க, வலி குறைஞ்சிருச்சுங்கிறதால அது தானா திரும்பி வந்துடாது. அதுவும் பத்து வருஷமா வலியோட நடந்தவங்களுக்கு அந்தத் தசை ஏற்கனவே சூம்பிப் போயிருக்கும். படி ஏறும்போது தசை சுருங்கித் தூக்குது, இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே உடம்பு பாரத்த மெதுவா இறக்கணும், அது கஷ்டமான வேலை. லிகமென்ட் இளக்கமா இருக்குறவங்களுக்கு இந்தத் தசைதான் முட்டிய பிடிச்சு நிறுத்தணும்.

அதனால ஃபிசியோகிட்ட "இறங்குறதுக்கான பயிற்சி வேணும்"னு சொல்லியே கேளுங்க. கால் நீட்டி தூக்குறது, முட்டிக்கடியில துண்டு வெச்சு அழுத்துறதுல ஆரம்பிச்சு, உயரமான சேர்ல இருந்து கைய ஊனாம எழுந்து மெதுவா உட்கார்றது, அப்புறம் ஒரு நாலு அங்குலப் பலகை மேல நின்னு நல்ல கால மெதுவா தரையில இறக்குறது, இப்படி. இடுப்புப் பக்கத் தசைக்கும் தொடை பின்பக்கத்துக்கும் சேர்த்து. கைப்பிடி இருக்குற இடத்துல மட்டும் பண்ணுங்க. வாரத்துக்கு மூணு நாலு நாள், கொஞ்சம் கொஞ்சமா பாரத்தைக் கூட்டிக்கிட்டே போகணும், மூணு மாசமும் ஒரே மாதிரி கால ஆட்டிக்கிட்டு இருந்தா ஒண்ணும் வராது. அதுவரைக்கும் படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல. உங்களுக்கு இடது காலும் சரியில்ல, அதனால கைப்பிடி கட்டாயம். வெளிய போகும்போது இடது கையில ஒரு ஸ்டிக் வெச்சுக்கோங்க, வலது முட்டிக்கு இடது கைதான் துணை. பக்கவாட்டுல கம்பி வெச்ச முட்டி பெல்ட் கொஞ்ச நாளைக்கு தைரியம் கொடுக்கும், நாள் முழுக்க போட்டுக்கிட்டே இருக்காதீங்க.

இதுலயே நல்லா ஆயிடுறவங்க இருக்காங்க. எல்லாரும் ஆயிடுவாங்கன்னு நான் சொல்லல.

ரீடூ பண்றதப் பத்தி

மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் மாறல, பரிசோதனையிலயும் எக்ஸ்ரேலயும் தளர்வு இன்ன இடத்துலன்னு தெளிவா தெரியுது, கிருமி இல்ல, அப்படின்னா ரிவிஷன், அதாவது ரீடூ ஆபரேஷன் பத்திப் பேசலாம். இதுல சிலர் "பெரிய விஷயமில்லம்மா, பிளாஸ்டிக்க மட்டும் கொஞ்சம் தடிமனா மாத்திடலாம்"னு சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கும். நீட்டினாலும் மடக்கினாலும் ஒரே அளவு தளர்வா இருந்தா அது வேலை செய்யலாம், ஆனா மடக்கின நிலை மட்டும் தளர்வுன்னா தடிமனான பிளாஸ்டிக் போட்டதும் கால் முழுசா நீளாது, ஒரு தொல்லை போய் இன்னொண்ணு வரும். அப்படிப்பட்டவங்களுக்கு தொடை எலும்புத் தொப்பியையே எடுத்துட்டு பெரிய சைஸ் வெச்சு, எலும்புக்குள்ள இறங்குற தண்டு வெச்ச, ஆட்டத்தை இன்னும் கட்டுப்படுத்துற வகைய போட வேண்டி வரும். அது முதல் ஆபரேஷனை விட பெரிசு, எலும்பு இன்னும் கொஞ்சம் போகும், கிருமி வர்ற வாய்ப்பும் முதல் தடவைய விட அதிகம், உங்களுக்கு சுகர் வேற. ஸ்திரத்தன்மை பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும், ஆனா மிச்சம் இருக்குற அந்த 20 வலி அப்படியே இருக்கவும் வாய்ப்பு இருக்கு. காரணமே தெரியாம, வலிக்குதுங்கிறதுக்காக மட்டும் திறக்குற ரிவிஷன்தான் எல்லாத்தையும் விட மோசமா முடியுது. யார் ரீடூ பண்ணணும்னு சொன்னாலும் "எந்த இடைவெளி தளர்ந்திருக்கு, எதை மாத்தப் போறீங்க"ன்னு கேளுங்க, ரெண்டு வாக்கியத்துல பதில் வரலைன்னா அங்க பண்ணிக்காதீங்க. வருஷத்துக்கு நாலஞ்சு ரிவிஷன் பண்றவரை விட அதையே வேலையா வெச்சிருக்குறவர்கிட்ட போறது நல்லது.

இந்த நடுவுல காய்ச்சலோட முட்டி சூடாகி சிவந்தா, காயத்துல இருந்து நீர் கசிஞ்சா, படுத்திருக்கும்போதும் வலி விண்ணுன்னு தெறிச்சா, திடீர்னு கால நீட்டித் தூக்கவே முடியலைன்னா, கெண்டைக்கால் வீங்கினா, மூணு மாசக் கணக்கெல்லாம் பார்க்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

விலை, பில், புகார்

சொந்தக்காரர் சொன்னது தப்பு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசோட மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு உச்ச விலை வெச்சாங்க, சாதாரண கோபால்ட் குரோம் முட்டிக்கு அப்ப 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதுக்கு முன்னாடி அதே பொருள் சராசரியா ஒன்றரை லட்சத்துக்கு மேல எம்.ஆர்.பி. போட்டு வித்துக்கிட்டு இருந்துச்சு. குறைஞ்சது நடுவுல இருந்த லாபம். அதோட உங்க தொந்தரவு பொருளால வர்றதே இல்ல, எவ்வளவு காஸ்ட்லியான முட்டிய வெச்சாலும் இடைவெளி சரியா அமையலைன்னா ஆடத்தான் செய்யும். ரோபோ வெச்சுப் பண்ணியிருந்தா இப்படி ஆகியிருக்காதான்னு கேட்டிருக்கீங்க. ரோபோவால வெட்டு துல்லியமா வருது, அது உண்மை. ஆனா எவ்வளவு இறுக்கம் வேணும்னு முடிவு பண்றது டாக்டர்தான், பேஷன்ட்டோட திருப்தி அதனால பெரிசா கூடுதுன்னு சத்தியம் பண்ற அளவுக்கு ஆதாரம் இல்ல.

என்ன வெச்சாங்கன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பில்லுல இம்ப்ளான்ட் விலை, பிராண்டு, கம்பெனி, பேட்ச் நம்பர் தனியா இருக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டின பக்கமும் எழுதிக் கேளுங்க. ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002ல வந்த மருத்துவ கவுன்சில் விதி இருக்கு, குறைஞ்சது மூணு வருஷம் வெச்சிருக்கவும் வேணும். இது சண்டைக்கு மட்டும் இல்ல, நாளைக்கு ரிவிஷன் பண்றவருக்கு எந்தக் கம்பெனி எந்த சைஸ்னு தெரியாம பிளாஸ்டிக் கூட வாங்க முடியாது.

புகார் கொடுக்கலாமான்னா, காசு கட்டிப் பண்ண வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிடுச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடணும். ஆனா நீங்க எழுதினத வெச்சுப் பார்த்தா எனக்கு அலட்சியம்னு சொல்ற மாதிரி எதுவும் தெரியல. நல்லா பண்ற டாக்டருக்கும் சில முட்டி இப்படி அமையும், பலன் முழுசா வரலைங்கிறதும் கவனக்குறைவும் ஒண்ணு இல்ல. டெஸ்ட் ரிசல்ட் வந்தபிறகு வேற மாதிரி தெரிஞ்சா ஒரு வக்கீலைப் பாருங்க, தேதிய மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. முதல்ல பழைய டாக்டர்கிட்டயே போய் "படி இறங்கும்போது முன்னாடி வழுக்குது, 90 டிகிரியில வெச்சு பரிசோதிச்சுப் பாருங்க சார்"னு சொல்லிப் பாருங்க. வெறுமனே "லூஸா இருக்கு"ன்னு சொன்னதுக்கு ஒரு பதில் வந்துச்சு, இப்படிச் சொன்னா வேற பதில் வரலாம். அவருக்கு ஆர்வமில்லைன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஆர்த்தோ பிரிவுல செகண்ட் ஒப்பீனியன் கேக்கலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில உங்க பேர் இருக்கான்னு இப்பவே பார்த்து வெச்சுக்கோங்க.

இடது முட்டி

மகன் அக்கறையிலதான் சொல்றார், ஆனா இப்ப வேண்டாம். இடது முட்டி ஆபரேஷன் ஆனா ஆரம்பத்துல பாரத்துல பெரும்பகுதிய வலது கால்தான் தாங்கணும், அந்த வலதுதான் இப்ப நம்பிக்கை இல்லாம இருக்கு. கிருமி சந்தேகம் தீராம இன்னொரு முட்டியில இம்ப்ளான்ட் வெக்கவும் கூடாது. சில சமயம் மறுபக்கமும் உண்டு, இடது முட்டி வலியாலதான் வலது கால் பயிற்சியே பண்ண முடியலைன்னா, வலதுல பெரிசா ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சபிறகு இடத முன்னாடி பண்றதுதான் புத்திசாலித்தனம். நீங்க எழுதினதுல இடது முட்டி வலி மாத்திரை இல்லாம சமாளிக்கிற அளவுலதான் இருக்கு, அதனால அவசரம் இல்ல.

நாள் வரும்போது நாத்தனார் முட்டிய கணக்குல வெச்சுப் போகாதீங்க. அவங்க வயசு, எடை, முன்ன இருந்த வளைவு, தசை, எல்லாம் வேற. சம்மணம் போட்டு உட்காரணும், கோலம் போட குத்த வெச்சு உட்காரணும்னு எதிர்பார்த்தா அதை முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு அப்பவே சொல்லச் சொல்லுங்க. முன்ன எவ்வளவு மடங்குச்சோ பின்னாடியும் ஏறக்குறைய அவ்வளவுதான் மடங்கும். மூணு மாசச் சுகர் சராசரியைக் காட்டுற எச்.பி.ஏ.1.சி. 7.5க்கு பக்கத்துல வந்திருக்கணும், வலது கால் அந்த நாலு அங்குலப் பலகையில இருந்து கைப்பிடி இல்லாம உங்களை இறக்கணும். அந்த ரெண்டும் ஆனபிறகு இடது முட்டிக்கு தேதி வாங்குங்க.